பெயர் அழிந்த கறுப்பு மெஷின்: இரண்டு வருடம் மிதித்த பிறகு எழுதுவது

இந்தக் கால்மிதித் தையல் மெஷின் எந்தக் கம்பெனி என்று கேட்டால் என்னால் சொல்ல முடியாது. தங்க நிறத்தில் எழுதியிருந்த பெயர், யாரோ ஒருவர் பல வருடம் தினமும் துணியால் துடைத்துத் துடைத்து அழிந்துபோயிருக்கிறது. அந்த இடத்தில் இப்போது ஒரு கொடியும் இரண்டு இலையும் கடைசி எழுத்தின் வால் மாதிரி ஒரு கோடும்தான் மிச்சம். ஈரோட்டில் பழைய மெஷின் விற்கிற கடைக்காரர், "லூதியானா சாமானுங்க, நம்பி எடுத்துட்டுப் போங்க" என்றார். கறுப்புத் தலை, வார்ப்பிரும்பு ஸ்டாண்டு, ஓரத்தில் மைக்கா பெயர்ந்த மேல்பலகை, தோல் பெல்ட். எல்லாம் சேர்த்து 6,800 ரூபாய். டெம்போ வாடகை தனியாக 900.

வாங்கி இரண்டு வருடம் நான்கு மாதம் ஆகிறது. கால்மிதி மெஷின் இந்தக் காலத்தில் வாங்கலாமா என்று அவ்வப்போது யாராவது கேட்கிறார்கள். கேட்பவர்களில் பாதிப் பேர் டெய்லர்கள் இல்லை. மாதச் சம்பளத்தை விட்டுவிட்டுக் கையால் ஏதாவது செய்து பிழைக்கலாமா என்று யோசித்துக்கொண்டு, இரவு பதினொரு மணிக்கு ஃபோனில் மெஷின் விலை பார்த்துக்கொண்டிருப்பவர்கள். நானும் அப்படிப் பார்த்தவன்தான். அதனால் மெஷினைப் பற்றி மட்டும் எழுதினால் பாதி பதில்தான் வரும்.

நான் திருப்பூரில் ஓர் எக்ஸ்போர்ட் கம்பெனியில் பதினாறு வருடம் மெர்ச்சண்டைசராக இருந்தேன். வெளியூர்க்காரர்களுக்கு இந்த வேலையை விளக்குவது கஷ்டம். சரக்கு வாங்குகிற வெளிநாட்டுப் பையருக்கும் ஃபேக்டரிக்கும் நடுவில் நின்று இரண்டு பக்கமும் திட்டு வாங்குகிற ஆள் என்று வைத்துக்கொள்ளுங்கள். நூல் வாங்குவது, நிட்டிங், டையிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங், கடைசியில் தூத்துக்குடியில் கன்டெய்னர் ஏறுவது வரைக்கும் எங்கே ஒரு நாள் இடித்தாலும் ஃபோன் எனக்கு வரும். கப்பலைத் தவறவிட்டால் சரக்கை விமானத்தில் அனுப்ப வேண்டும். அனுப்பினால் அந்த ஆர்டரில் வந்த லாபம் முழுக்க விமான வாடகைக்கே போய்விடும். ஒரு ரவுண்டு நெக் டி-சர்ட் தைக்க எத்தனை நிமிடம் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் புள்ளிக்கு அப்புறம் இரண்டு இலக்கத்தோடு சொல்வேன். ஆனால் ஒரு தலையணை உறை தைக்கத் தெரியாது. பதினாறு வருடத்தில் லட்சக்கணக்கான தையலைக் குற்றம் சொல்லியிருக்கிறேன், ஒரு தையல் போட்டதில்லை.

பெரிய மாமா இறந்த அன்று நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். சாயப்பட்டறையில் நேவி ப்ளூ துணி ஒரு லாட் நின்றிருந்தது. நிறம் ஒத்துவருகிறதா என்று ஷேடு பார்த்துச் சரி சொன்னால்தான் அடுத்த வேலைக்குப் போகும். ஷேடை ஃபோட்டோவில் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால் கம்பெனி டிரைவர் சாவு வீட்டுக்கே துணித் துண்டுகளைக் கொண்டுவந்துவிட்டார். பந்தலுக்கு வெளியே நின்று இரண்டு துண்டுகளையும் வெயிலில் பிடித்துப் பார்த்தேன். "கொஞ்சம் சிவப்பு ஏறியிருக்குது, பரவால்ல, ஓட்டச் சொல்லுங்க" என்று சொல்லிக்கொண்டிருக்கும்போது உள்ளே தூக்குவதற்கு ஆள் கூப்பிட்டார்கள். மாமாவுக்கு அன்று என்ன சட்டை போட்டிருந்தார்கள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. நான் சரி சொன்னது மூன்றாவது லாட் என்பது நினைவிருக்கிறது.

அன்றைக்கே வேலையை விட்டேன் என்று எழுதினால் கதை நன்றாக இருக்கும். விடவில்லை. அதற்கப்புறமும் பதினான்கு மாதம் போனேன். வீட்டுக் கடன் முடியவேண்டியிருந்தது. மனைவி பள்ளி ஆசிரியை, அவர் சம்பளம் ஒன்றிலேயே வீடு ஓடும் என்று இரண்டு பேரும் மூன்று தடவை கணக்குப் போட்டுப் பார்த்த பிறகுதான் கடிதம் கொடுத்தேன். இந்த வரியை வேகமாகத் தாண்டிவிடாதீர்கள். மீதி எல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது.

முதலில் வாங்கியது இந்தக் கறுப்பு மெஷின் இல்லை. ஆன்லைனில் 21,500 ரூபாய்க்கு ஒரு கரண்ட் மெஷின் வாங்கினேன். எந்தக் கம்பெனி என்று சொல்லப்போவதில்லை, அதன் மேல் பெரிய குறையும் இல்லை. வெள்ளை நிறம், சின்னத் திரை, ஊசிக்குப் பக்கத்தில் விளக்கு, அறுபது விதத் தையல். அறுபதில் நான் பயன்படுத்தியது மூன்று. துணியை அழுத்திப் பிடிக்கிற அழுத்துக்காலைத் தூக்கி வைத்தபடி பெடலை மிதித்தால் 'பீப்' என்று ஒரு சத்தம் போடும். அது மெயில் வருகிற சத்தம் மாதிரியே இருக்கும். ஒவ்வொரு முறையும் பின்கழுத்து இறுகிவிடும்.

அந்த மெஷினில் மூன்று மாதத்தில் நூற்று நாற்பது துணிப்பை தைத்தேன். எல்லாம் ஒரே அளவு, ஒரே காடா. மளிகைக் கடைகளுக்கு 45 ரூபாய்க்குப் போட்டேன். ஒரு நாள் மேசையில் கிடந்த தாளை மகள் எடுத்துப் படித்தாள்: "பை ஒன்றுக்கு 11 நிமிடம். இலக்கு 8." அவள் கேட்டாள், "இந்த இலக்கு யாருப்பா வச்சது?" பதில் சொல்லத் தெரியவில்லை. பெடலை எவ்வளவு அழுத்துகிறோமோ அவ்வளவு வேகம் கிடைக்கிறது, அழுத்தினேன். நிதானமாக இருக்கவேண்டும் என்று வேலையை விட்டவன் வீட்டிலேயே ஃபேக்டரி மாதிரி ஒரு லைன் போட்டு, அதற்கு சூப்பர்வைசரும் ஆகிவிட்டிருந்தேன்.

நாலாம் மாதம் அந்த மெஷினின் எலக்ட்ரானிக் போர்டு போய்விட்டது. சர்வீஸ் சென்டரில் ஏழாயிரம் ஆகும், மூன்று வாரம் ஆகும் என்றார்கள். அந்த மூன்று வாரத்தைச் சமாளிக்கத்தான் ஈரோட்டுக் கடைக்குப் போனேன். ஞானோதயம் எல்லாம் இல்லை. ஆர்டர் கையில் இருந்தது, கரண்ட் மெஷின் ரிப்பேரில் இருந்தது, அவ்வளவுதான்.

கால்மிதியில் உட்கார்ந்த முதல் நாள் ஒரு அங்குலம்கூடத் தைக்க முடியவில்லை. சக்கரம் நம் பக்கமாகச் சுற்றவேண்டும். மிதிக்கும்போது கால் தப்பினால் பின்னால் சுற்றும், சுற்றின உடனே நூல் அறுந்துவிடும். குதிகாலையும் முன்பாதத்தையும் மாற்றி மாற்றி அழுத்தவேண்டும், ஊஞ்சல் ஆட்டுவது போல. வேகமாக மிதிக்கலாம் என்று நினைத்தால் கால் குழம்பிப் பின்னால் சுற்றிவிடும். பக்கத்துத் தெருவில் ஜாக்கெட் தைக்கிற அக்கா ஒரு வழி சொன்னார்: நூல் கோக்காமல், பழைய நோட்டிலிருந்து கோடு போட்ட தாளைக் கிழித்து, அந்தக் கோட்டின் மேலேயே ஓட்டிப் பழகச் சொன்னார். தையல் வகுப்புகளில் முதல் பாடமே இதுதானாம். மகளின் ஆறாம் வகுப்பு சமூக அறிவியல் நோட்டில் பாதிக்கு மேல் ஓட்டைபோட்ட பிறகு கால் ஒத்துவந்தது. பன்னிரண்டு நாள் ஆனது.

மெஷினின் குணத்தைச் சொல்கிறேன். ஒரு முழு மிதிக்கு நாலு, ஐந்து தையல் விழும். கால் நின்றால் இரண்டு தையலுக்குள் நின்றுவிடும். கைச்சக்கரத்தைப் பிடித்தால் ஒரு தையலின் பாதியில்கூட நிறுத்தலாம். ஊசி இறங்கி, மேல்நூல் கீழ்நூலைக் கோத்துக்கொண்டு மேலே வருவதைக் கண்ணால் பார்க்கலாம். பதினாறு வருடம் 'லாக் ஸ்டிச்' என்ற வார்த்தையை மெயிலில் அடித்திருக்கிறேன். மேல்நூலும், கீழே பாபின் என்ற குட்டி உருளையில் சுற்றியிருக்கிற நூலும் துணியின் நடுவயிற்றில் ஒன்றையொன்று கட்டிக்கொள்வதுதான் அது என்று இங்கேதான் பார்த்தேன். நூலின் டென்ஷன், அதாவது இறுக்கம், சரியில்லை என்றால் அந்தக் கட்டு துணிக்கு மேலேயோ கீழேயோ குட்டிக் குட்டி முடிச்சாகத் தெரியும். கீழே தெரிந்தால் மேல்நூல் தளர்ச்சி, மேலே தெரிந்தால் மேல்நூல் இறுக்கம். ஃபேக்டரியில் இதே குறையை நான் பார்ப்பது பெட்டி கட்டிய பிறகு, பத்தாயிரம் பீஸில் நூறு இருநூறை உருவிப் பார்க்கும்போதுதான். இங்கே மூன்றாவது தையலிலேயே தெரிந்துவிடுகிறது.

அப்புறம் ஒரு நாள் எங்கள் ஊர்க் கோயில் நாதஸ்வரக்காரர் வந்தார். துணிப்பை வாங்க வந்தவர், நாதஸ்வரத்துக்கு ஓர் உறை தைத்துத் தரமுடியுமா என்று கேட்டார். கையிலிருந்த ரெக்சின் உறை அடிப்பக்கம் கிழிந்திருந்தது. கிட்டத்தட்ட மூன்றடி நீளம், மேலே ஒல்லி, கீழே வரவர அகலம், கடைசியில் அணசு என்கிற அடிப்பகுதி புனல் மாதிரி விரியும். உள்ளே மெத்தென்று துணி வேண்டும், வாயில் வைத்து ஊதுகிற சீவாளிக்குத் தனியாக ஒரு பாக்கெட் வேண்டும், தோளில் மாட்டப் பட்டை வேண்டும். பேப்பரில் அளவெடுத்து, கித்தான் துணியை வெட்டி, நான்கு நாளில் முடித்துக்கொண்டு போனேன். அணசு உள்ளே போகவில்லை. மடிப்புக்கு விட்ட அரை அங்குலத்தைச் சுற்றளவில் கணக்குப் பண்ணாமல் விட்டிருக்கிறேன். ஒரு சாம்பிள் மேக்கர் இந்தத் தப்பைச் செய்திருந்தால் நான் எழுதியிருக்கக்கூடிய மெயில் மனசுக்குள் வரிவரியாக ஓடியது. அவர் சிரித்துவிட்டு, "வாத்தியம்னா அப்படித்தானுங்க, ரெண்டாவது தடவை சரியாயிரும்" என்றார்.

இரண்டாவது உறையின் அடிவட்டத்தைத் தைத்ததைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும், இந்த மெஷினின் மதிப்பே அங்கேதான் இருக்கிறது. குழாய் மாதிரி தைத்த கித்தானின் வாயில் வட்டமாக வெட்டிய துண்டைப் பொருத்தவேண்டும். இரண்டு கித்தான், நடுவில் ஒரு மெல்லிய மெத்தைத் துணி, ஆக மூன்று அடுக்கு. 18 நம்பர் ஊசி போட்டேன். ஊசி துணிக்குள் இறங்கியிருக்கும்போதே அழுத்துக்காலைத் தூக்கி, துணியை ஒரு நூலளவு திருப்பி, அழுத்துக்காலை இறக்கி, கைச்சக்கரத்தால் இரண்டு தையல். மறுபடி தூக்கி, திருப்பி, இறக்கி, இரண்டு தையல். கீழ் அடுக்கு சுருங்காமல் இருக்க இடதுகை நடுவிரல் துணிக்கு அடியில் போய்த் தடவிக்கொண்டே இருக்கவேண்டும். பார்க்க முடியாது, விரல்தான் பார்க்கும். சுற்றளவு பதினேழு அங்குலம், அங்குலத்துக்கு எட்டுத் தையல். மொத்தம் நூற்று நாற்பதுக்கும் குறைவு. முக்கால் மணி நேரம் ஆனது. ஃபேக்டரி மெஷின் நிமிடத்துக்கு நாலாயிரம், ஐயாயிரம் தையல் ஓடும், அந்தக் கணக்கில் இது இரண்டு வினாடி வேலை. அந்த முக்கால் மணி நேரத்தில் ஃபோன் மூன்று தடவை அடித்து நின்றதாக மகள் அப்புறம் சொன்னாள்.

அணசு இந்தத் தடவை உள்ளே போனது. கொஞ்சம் இறுக்கம்தான், ஆனால் போனது. அதற்கப்புறம் தவிலுக்கு ஒன்று, மிருதங்கத்துக்கு நான்கு, இன்னொரு நாதஸ்வரத்துக்கு ஒன்று, பக்கத்து ஊர் பஜனைக் கோஷ்டிக்கு ஆர்மோனிய உறை ஒன்று. துணிப்பை தைப்பதை ஏறக்குறைய நிறுத்திவிட்டேன். கரண்ட் மெஷின் ரிப்பேர் ஆகி வந்தது. மூன்று மாதம் மூலையில் இருந்தது, பிறகு விற்றுவிட்டேன்.

இனி குறைகள். முதல் குறை என்னுடையது. வாங்கின புதிதில் மெஷின் எண்ணெய் தீர்ந்துபோய், வீட்டிலிருந்த தேங்காய் எண்ணெயை ஊற்றினேன். நன்றாகத்தான் ஓடியது. மார்கழி வந்தது. ஒரு விடியற்காலையில் சக்கரத்தைத் தொட்டால் சிமெண்ட் போட்டுப் பூசியது மாதிரி நிற்கிறது. தேங்காய் எண்ணெய் குளிரில் உறையும் என்பது பாட்டிலைப் பார்த்தே தெரிகிற விஷயம், எனக்குத் தோன்றவில்லை. மெக்கானிக் அண்ணன் மூக்கைக் கிட்டத்தில் கொண்டுபோய் மோந்து பார்த்துவிட்டு, "ஏனுங்க, மெஷினுக்குத் தலைக்குத் தேச்சு உட்டிருக்கறீங்களா?" என்றார். முழுத் தலையையும் கழற்றி மண்ணெண்ணெயில் ஊறவைத்து, துணியை நகர்த்துகிற பல்லுக்கு அடியில் கிடந்த பஞ்சை ஊசியால் கிளறி எடுத்தார். உள்ளே நான் தைக்காத நிறத்தில் நூல்பிசிர்கள் இருந்தன: அரக்கு, கிளிப்பச்சை, ஒரு மாதிரியான பள்ளிக்கூட நீலம். எனக்கு முன்னால் இந்த மெஷினில் யாரோ யூனிஃபார்ம் தைத்திருக்கிறார்கள். கூலி 650 வாங்கினார். தையல் மெஷின் எண்ணெய் என்று விற்கிற வெள்ளை எண்ணெயைத் தவிர வேறு எதையும் ஊற்றாதீர்கள்.

பெல்ட் இரண்டாவது தொல்லை. தோல் பெல்ட் மழைக்காலத்தில் தளர்ந்துவிடும். சறுக்கினால் மிதி ஓடும், ஊசி ஓடாது. கம்பிக் கொக்கியைக் கழற்றி, கால் அங்குலம் வெட்டி, மறுபடி ஓட்டை போட்டு மாட்டவேண்டும். பத்து நிமிட வேலை. வெட்டும்போது ஆசைப்பட்டு அரை அங்குலம் வெட்டிவிட்டால் மிதி கல் மாதிரி கனத்துவிடும்.

நேர்த்தையல் மட்டும்தான் வரும். ஜிக்ஜாக் கிடையாது, காஜா எடுக்காது, ஓவர்லாக் அடிக்காது. துணி பிசிராமல் இருக்க வேண்டுமென்றால் ஓரத்தை உள்ளே மடித்து இரண்டாவது தடவை ஓட்டவேண்டும். இழுபடுகிற பனியன் துணி இதில் சரிப்படாது. தைக்கலாம், ஆனால் போட்டு இழுத்தால் தையல் பட்டென்று விட்டுவிடும். அதாவது, பதினாறு வருடம் பனியன் துணியிலேயே வாழ்ந்த எனக்கு, சொந்தமாக ஒரு பனியன் தைத்துக்கொள்ள வழியில்லை. திருப்பூரில் எந்தச் சுவரைப் பார்த்தாலும் "ஓவர்லாக், பேட்லாக், சிங்கர் டெய்லர் தேவை" என்று ஒட்டியிருக்கும். நேர்த்தையல் மெஷினுக்கே இங்கே 'சிங்கர்' என்று பெயர், அது எந்தக் கம்பெனி மெஷினாக இருந்தாலும் சரி. அந்தக் கணக்கில் நான் பேர் தெரியாத மெஷினில் உட்கார்ந்திருக்கிற ஒரு சிங்கர் டெய்லர்.

சிங்கர் என்றதும் ஒன்று. காந்தி இயந்திரங்களைப் பற்றி 1924-இல் பேசியபோது சிங்கரின் தையல் மெஷினுக்கு விலக்குக் கொடுத்தார். மனைவி கையால் தைத்துக் கஷ்டப்படுவதைப் பார்த்து, அவள் மேல் இருந்த அன்பினால் சிங்கர் இதைக் கண்டுபிடித்தார் என்பது அவர் சொன்ன காரணம். ஐசக் சிங்கரைப் பற்றிப் படித்துப் பார்த்தால் அன்புக்குக் குறைவில்லைதான்: ஒன்றுக்கு மேற்பட்ட குடும்பம், இருபதுக்கு மேற்பட்ட பிள்ளைகள். ஆள் நாடக நடிகர். பாஸ்டனில் ஒரு பட்டறையில் சரியாக ஓடாத மெஷின் ஒன்றைப் பார்த்து, அதைத் திருத்தி, 1851-இல் காப்புரிமை வாங்கினார். நுனியில் ஓட்டை வைத்த ஊசியை வைத்து லாக் ஸ்டிச் போடுகிற மெஷினுக்கு எலியாஸ் ஹோவ் 1846-லேயே காப்புரிமை வாங்கியிருந்தார். அவர் வழக்குப் போட்டு ஜெயித்து, சிங்கரிடம் ராயல்டி வாங்கினார். அன்பைவிட வக்கீல்கள்தான் அதிகம் வேலை செய்திருக்கிறார்கள். இருந்தாலும், எந்த மெஷின் மனுஷனுக்கு ஆகும், எது ஆகாது என்று பிரித்துப் பார்த்தபோது காந்தியின் கண்ணில் இது பட்டது எனக்குப் பிடித்திருக்கிறது.

வாங்குபவர்களுக்கு இந்தப் பழைய கதையால் ஒரு பலன் உண்டு. சிங்கரின் 15 என்ற மாடலைப் பார்த்து ஜப்பானிலும் லூதியானாவிலும் ஏராளமான கம்பெனிகள் அதே அளவில் மெஷின் செய்தன. அதனால் என் மெஷினுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் பாபின், பாபின் கேஸ், ஊசி, பல், ஸ்பிரிங் எல்லாம் எந்தத் தையல் சாமான் கடையிலும் கிடைக்கிறது. போன மாதம் பாபின் கேஸ் மாற்றினேன், நூறு ரூபாய்கூட ஆகவில்லை. ஏழாயிரம் ரூபாய் போர்டு என்ற பேச்சே இல்லை, போர்டு இருந்தால்தானே. பழைய மெஷின் பார்க்கப் போகும்போது பெயின்ட்டைப் பார்க்காதீர்கள். பெல்ட்டைக் கழற்றச் சொல்லிக் கைச்சக்கரத்தை ஒரு விரலால் சுற்றிப் பாருங்கள், எங்கேயும் முட்டாமல் வரவேண்டும். ஊசி கட்டுகிற கம்பியைப் பிடித்து இடதும் வலதும் ஆட்டிப் பாருங்கள், லொடலொட என்று ஆடினால் தேய்ந்த மெஷின், விட்டுவிடுங்கள். மெஷினைச் சாய்த்து, பாபின் உட்காருகிற சட்டில் இருக்கும் இடத்தில் துரு இருக்கிறதா என்று பாருங்கள். பாபின் வட்டமாக இருக்கவேண்டும். சில பழங்கால மெஷின்களில் படகு மாதிரி நீளமான சட்டில் இருக்கும், அழகாக இருக்கும், சாமான் கிடைப்பது கஷ்டம். ஸ்டாண்டின் இரும்புக் காலில் வெல்டிங் தழும்பு இருந்தால் விலையைக் குறைத்துக் கேளுங்கள். கடைசியாக, ஒரு துண்டுத் துணியை நீங்களே கொண்டுபோங்கள். கடையில் வைத்திருக்கிற துணி அந்த மெஷினுக்கு என்றே பழக்கிவைத்த துணியாக இருக்கும்.

பணக் கணக்கைச் சொல்லாமல் விட்டால் ஏமாற்றியது போல ஆகும். கடைசியாக வாங்கிய மாதச் சம்பளம் 82,000. இப்போது நல்ல மாதத்தில் பதினான்காயிரம் வரும், ஆடியிலும் மார்கழியிலும் ஆறாயிரத்தைத் தாண்டாது. கல்யாண மாதங்களுக்கு முன்னால் வாத்திய உறை ஆர்டர் வரும், வந்தால் எல்லாம் ஒன்றாக வரும். நேரத்துக்குச் சொல்லி நேரத்துக்குக் கொடுக்கிறேனா என்றால், அதில் மட்டும் பழைய தொழில் கைகொடுக்கிறது. நான்கு நாள் என்று தோன்றினால் ஏழு நாள் என்று சொல்கிறேன். உடம்பு? வலது முழங்காலில் ஒரு வலி வந்துவிட்டது. ஸ்டூலை இரண்டு அங்குலம் உயர்த்தியதும் பாதி குறைந்தது. பாத்ரூம் கண்ணாடியில் பார்த்தால் முன்பு இருந்த கண் வீக்கம் இல்லை என்கிறார் மனைவி. அவர் சொன்னதை அப்படியே எழுதியிருக்கிறேன், நான் கவனித்ததில்லை.

ஜாக்கெட் தைக்கிற அக்காவின் கருத்தையும் போட்டுவிடுகிறேன், அவர் என்னைவிட நல்ல விமர்சகர். கணவர் இறந்த பிறகு, அரசின் சத்தியவாணி முத்து அம்மையார் நினைவுத் திட்டத்தில் இலவசத் தையல் மெஷின் வாங்கி, அதிலேயே இரண்டு பிள்ளைகளைப் படிக்கவைத்தவர். எட்டு வருடம் மிதித்துவிட்டு மோட்டார் மாட்டிக்கொண்டார். ஒரு நாள் நான் வட்டம் தைத்துக்கொண்டிருக்கும்போது வாசலில் நின்று வெகுநேரம் பார்த்தார். "மோட்டார் வாங்கக் காசில்லாம நான் மிதிச்சேன். நீங்க காசு இருந்தும் மிதிக்கறீங்க. எனக்குப் புரியலைங்க தம்பி" என்றார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். அதற்குள் அவர் உள்ளே வந்து, துணியைத் தூக்கிப் பார்த்து, "இங்க பாருங்க, சுருக்கம் உழுந்திருக்குது, பிரிச்சுப் போடுங்க" என்றார். பிரித்தேன். ஐந்து அங்குலம்.

தினம் இருபது ஜாக்கெட் தைத்துக் கொடுக்கவேண்டும் என்றால் இந்த மெஷினை வாங்காதீர்கள், வாங்கினாலும் அன்றைக்கே மோட்டார் மாட்டிவிடுங்கள். கித்தான், ஜமக்காளத் துண்டு, பழைய ஜீன்ஸ் மாதிரி தடித்த துணியில் நிதானமாக நேர்த்தையல் போடவேண்டும், ஒரு சாமானை நாலு நாள் வைத்துக்கொண்டு உட்கார முடியும், வீட்டில் இன்னொரு சம்பளம் இருக்கிறது என்றால் வாங்கலாம். கரண்ட் போனாலும் ஓடும் என்பதை இவ்வளவு நேரம் சொல்ல மறந்துவிட்டேன். எங்கள் பக்கம் மாதம் ஒரு நாள் பராமரிப்புக்காகக் கரண்டை நிறுத்துவார்கள். அன்றைக்குத் தெருவே அமைதியாக இருக்கும், என் வீட்டிலிருந்து மட்டும் கடகடவென்று சத்தம் வரும்.

ஊசி உடையும், அதைச் சொல்லவேண்டும். தடித்த மடிப்பில் துணியை இழுத்தால் டக்கென்று போகும். எக்ஸ்போர்ட் ஃபேக்டரியில் ஒரு ஊசி உடைந்தால் அதன் அத்தனை துண்டுகளையும் தேடி எடுத்து, பதிவேட்டில் டேப் போட்டு ஒட்டினால்தான் புது ஊசி கொடுப்பார்கள். குழந்தைகள் உடுப்பில் ஒரு துண்டு போய்விட்டால் முழு ஆர்டரும் போச்சு. வேலையை விட்டபோது எத்தனையோ பழக்கத்தை விட்டேன், இதை விட முடியவில்லை. சமூக அறிவியல் நோட்டின் மிச்சப் பக்கங்களில் தேதி எழுதி ஒட்டிவைக்கிறேன். இதுவரை இருபத்தாறு ஊசி. போன செவ்வாய்க்கிழமை உடைந்த இருபத்தேழாவதின் முனை இன்னும் கிடைக்கவில்லை. கிடைக்கும் வரைக்கும் அந்த அறைக்குள் செருப்பில்லாமல் யாரும் வரக்கூடாது என்று சொல்லிவைத்திருக்கிறேன்.